ஒரு தாயின் சுவடு தேடி: பெர்கசி முதல் வைன்லேண்ட் வரை

அமெரிக்க நாட்டின் நியூஜெர்சி மாநிலத்தில் பிள்ளையோ பெண்ணோ குடியிருக்கும் நம் வாசகர்களுக்குப் பிரிட்ஜ்வாட்டர் ஸ்ரீ வேங்கடேஸ்வரர் ஆலயம் புதிதன்று. பெருமாளைச் சேவித்துப் பிரசாதம் பெற்றுக்கொண்டு வெளியே வருவோர் பெரும்பாலும் நியூயார்க் நகரையோ நயாகரா அருவியையோ நோக்கிப் புறப்படுவர். அவ்வாறன்றி, 202 என்னும் எண்ணுடைய நெடுஞ்சாலையில் தென்மேற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்தால் காணக்கூடிய ஓர் இடத்தைப் பற்றியும், அங்கிருந்து தெற்கே அமைந்த மற்றோர் ஊரைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறேன். இரண்டும் திருத்தலங்கள் அல்ல. ஆயினும் ஒரு தாய் தன் மகளுக்காகச் சுமந்த பாரத்தின் சுவடுகள் இரண்டு இடத்திலும் பதிந்திருக்கின்றன. பேரப்பிள்ளைகளை எண்ணிக் கவலையுறும் பெரியோர் பலருக்கு அச்சுவடுகள் ஆறுதல் தரக்கூடும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிளெமிங்டன் என்னும் ஊரைத் தாண்டி, லாம்பர்ட்வில் அருகே டெலவேர் ஆற்றைக் கடந்தால் பென்சில்வேனியா மாநிலம் தொடங்குகிறது. இவ்வாற்றைத்தான் இதற்குச் சில கல் தெற்கே, 1776ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவில், பனிக்கட்டிகள் மிதக்கையில் ஜார்ஜ் வாஷிங்டன் தம் படையோடு கடந்தார். அக்கரையில் நியூஹோப், பிறகு டாயில்ஸ்டவுன். அங்கிருந்து 313ஆம் சாலையில் திரும்பினால் டப்ளின் என்னும் சிற்றூர். சோளக் கொல்லைகளும், கல்லால் கட்டிய பழைய வீடுகளும், செந்நிறக் களஞ்சியங்களும் நிறைந்த இந்தப் பகுதிக்குப் பக்ஸ் கவுண்டி என்று பெயர். பெர்கசி என்னும் ஊருக்கு அருகில், ஒரு மேட்டு நிலத்தில், பசுங்குன்றுப் பண்ணை என்று பொருள்படும் கிரீன் ஹில்ஸ் பார்ம் அமைந்துள்ளது. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் பேர்ல் எஸ். பக் அம்மையார் வாழ்ந்த இல்லம் இது. இன்று தேசிய வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. பண்ணையிலேயே அவரது கல்லறையும் இருக்கிறது. அக்கல்லில் ஆங்கில எழுத்து ஒன்றுகூட இல்லை. அவர் பெயர் சீன எழுத்துகளில் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கிறது. அவ்வாறே இருக்கவேண்டும் என்று வடிவமைத்தவரும் அவரே.

அம்மையாரின் பெயர் நம்மவர்களுக்கு வேறொரு வகையிலும் அறிமுகமானது. ஆர்.கே. நாராயண் எழுதிய 'தி கைடு' நாவலைத் தேவ் ஆனந்த் 1965இல் திரைப்படமாக்கியபோது, அதன் ஆங்கில வடிவத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களில் பக் அம்மையாரும் ஒருவர்.

அமெரிக்கப் பெண்மணியின் கல்லறையில் சீன எழுத்து ஏன்? 1892இல் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்த அவரை, கிறிஸ்தவ சமயப் பணியாளர்களான பெற்றோர் கைக்குழந்தையாகவே சீனத்துக்குக் கொண்டு சென்றுவிட்டனர். யாங்சி ஆற்றங்கரையிலுள்ள சென்சியாங் நகரில், வாங் என்னும் சீன ஆயாவின் மடியில் கதை கேட்டு அவர் வளர்ந்தார். கல்லூரிப் படிப்புக்கு மட்டும் அமெரிக்கா சென்று, 1914இல் மீண்டும் சீனம் திரும்பினார். 1917இல் வேளாண் பொருளாதார அறிஞரான ஜான் லாசிங் பக் என்பவரை மணந்தார். 1920இல் அவர்களுக்குக் கரோல் என்னும் பெண் மகவு பிறந்தது. அப்பிரசவத்தை அடுத்துச் செய்ய நேர்ந்த அறுவைச் சிகிச்சையால், அம்மையாருக்கு இனிக் குழந்தைப்பேறு இல்லை என்றாயிற்று.

நான்சிங் பல்கலைக்கழக வளாகத்தில் அவர்கள் குடியிருந்தனர். குழந்தை கரோல் வெண்ணிற மேனியும் நீலக் கண்களும் கொண்டு, பார்ப்பவர் வியக்கும் அழகோடு இருந்தாள். ஆனால் உரிய வயதில் பேச்சு வரவில்லை. மேனியில் கரப்பான் போன்ற தடிப்பு. வீட்டுக்கு வந்தவர்கள் "சில குழந்தைகள் தாமதமாகத்தான் பேசும்" என்று தேற்றினர். நம் வீடுகளிலும் இதே சொல்லைக் கேட்டிருக்கிறோம் அல்லவா? மூன்று வயது கடந்தும் மாற்றம் இல்லாதபோது தாயின் மனத்தில் அச்சம் வேரூன்றியது.

இங்கே வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. கரோலைப் பற்றி அம்மையார் பின்னாளில் எழுதிய 'தி சைல்டு ஹூ நெவர் க்ரூ' என்னும் சிறு நூலில், அக்கம்பக்கத்துச் சீனர்கள் அக்குழந்தையை எவ்வாறு ஏற்றுக்கொண்டனர் என்பதை நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார். கண் தெரியாதவரையும் கால் ஊனமுற்றவரையும் அவ்வூரார் அந்த நிலையைச் சொல்லியே உரிமையோடு அழைப்பர். அதில் இகழ்ச்சி இல்லை, மறைப்பும் இல்லை. மனிதருள் இப்படியும் ஒருவர் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே சீனத் தெருக்களில் கரோலை அழைத்துச் செல்ல அம்மையார் ஒருநாளும் கூசியதில்லை. முதல் காயம் தம் சொந்த நாட்டவராலேயே வந்தது. ஷாங்காய் நகர வீதியில் எதிர்ப்பட்ட, அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்திருந்த இளம்பெண்கள் இருவர் குழந்தையை உற்றுப் பார்த்தனர்; அவர்களில் ஒருத்தி, இதற்குப் புத்தி சரியில்லை என்று ஏளனமாகச் சொல்லிக்கொண்டே கடந்து போனாள். அன்று முதல் அயலார் பார்வையிலிருந்து மகளை மறைக்கத் தொடங்கியதாக அம்மையார் எழுதுகிறார்.

என் மகளும் மாப்பிள்ளையும் நியூஜெர்சியில் வசிக்கின்றனர். அவர்களுடைய ஒரே மகனுக்கு வயது ஒன்பது. மூன்று வயதில் அவனுக்கு ஆட்டிசம் என்று மருத்துவர்கள் கண்டறிந்தனர். பேச்சு மிகக் குறைவு. மகிழ்ச்சி மேலிட்டால் இரு கைகளையும் சிறகுபோல் அடித்துக்கொள்வான். பேரோசை கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் அமர்ந்துவிடுவான். சில ஆண்டுகளுக்கு முன் அவர்கள் தமிழகம் வந்திருந்தபோது, ஒரு கோயிலில் மேளம் தொடங்கியதும் அவன் அவ்வாறே அமர்ந்தான். அருகிலிருந்த ஓர் அம்மாள், "அமெரிக்காவிலே பிள்ளையை இப்படித்தான் வளர்க்கிறார்களா?" என்று எல்லாரும் கேட்கும்படி சொன்னார். என் மகள் மறுமொழி ஒன்றும் கூறாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிப்பிராகாரத்துக்குப் போய்விட்டாள். பக் அம்மையார் நூலில் ஷாங்காய் நிகழ்ச்சியைப் படித்தபோது, அந்தப் பிராகாரத்துத் தூணோரம் அவள் நின்ற கோலம் என் கண்முன் வந்தது. பசுங்குன்றுப் பண்ணைக்கு எங்களை அழைத்துச் செல்லுமாறு மாப்பிள்ளையிடம் நான் கேட்டதற்குக் காரணம் அதுவே.

பக் அம்மையாரின் கதைக்குத் திரும்புவோம். சீனத்தில் அன்பு இருந்தது. ஆயின் குழந்தையின் நிலையை அறிந்து சொல்லும் மருத்துவம் இல்லை. 1924இல் கணவரின் படிப்பு விடுப்பையொட்டி அமெரிக்கா வந்தபோது, அம்மையார் மகளைத் தூக்கிக்கொண்டு மருத்துவர் மருத்துவராக அலைந்தார். இறுதியில் மினசோட்டா மாநிலம் ராச்சஸ்டரிலுள்ள மேயோ மருத்துவமனையை அடைந்தார். தலைமை மருத்துவர் நம்பிக்கையூட்டும் சொற்களைச் சொல்லி அனுப்பினார். வெளியே வந்தபோது, அயல்நாட்டு உச்சரிப்போடு பேசிய மற்றொரு மருத்துவர் அவரை ஒரு வெற்றறைக்குள் அழைத்தார். இக்குழந்தை ஒருபோதும் மற்றக் குழந்தைகளைப் போல் ஆகாது. வீண் நம்பிக்கையில் உங்கள் வாழ்வையும் பொருளையும் இழக்கவேண்டாம். இவள் மகிழ்ந்திருக்கக்கூடிய ஓர் இடத்தைத் தேடிக்கொடுங்கள் என்னும் கருத்துப்பட அவர் ஒளிவுமறைவின்றி உரைத்தார். அச்சொற்கள் வாளாய் அறுத்தபோதிலும், உண்மையைச் சொன்ன அந்த மனிதருக்கு வாழ்நாள் முழுதும் கடமைப்பட்டிருப்பதாக அம்மையார் எழுதியிருக்கிறார்.

உண்மை தெரிந்தும் தாய்மனம் அடங்கவில்லை. நான்சிங் திரும்பியபின் தாமே மகளுக்கு ஆசிரியையாக அமர்ந்து, எழுத்தும் சொல்லும் கற்பிக்க முற்பட்டார். ஒரு நாள், பென்சில் பிடித்திருந்த மகளின் கையைப் பற்றி எழுதுவிக்க முனைந்தார். அந்தச் சிறு கை வியர்வையில் நனைந்திருந்தது. மற்றொரு கையையும் விரித்துப் பார்த்தார்; அதுவும் அப்படியே. தனக்கு ஒன்றும் விளங்காத ஒரு காரியத்தைத் தாயை மகிழ்விப்பதற்காகவே அந்தக் குழந்தை முழுப் பலத்தோடு முயன்றுகொண்டிருந்தது. அம்மையார் அக்கணமே புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டார். இவளால் இயன்றதை மட்டும் இவள் கற்கட்டும், இவள் மகிழ்ச்சியே இனி நம் குறிக்கோள் என்று துணிந்தார்.

1927ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நான்சிங் நகரில் படைகள் புகுந்து வெளிநாட்டவரைத் தாக்கியபோது, அக்குடும்பம் உயிர் பிழைத்ததும் சீன ஏழைகளின் கருணையால்தான். அம்மையார் முன்பு உதவி செய்திருந்த ஓர் ஏழைப் பெண், தன் ஒற்றை அறைக் குடிசையில் அவர்களை மறைத்துவைத்தாள். ஒரு நாள் முழுதும் அந்த இருளில், வயது முதிர்ந்த தந்தையோடும், நிலைமையைச் சொல்லி விளக்க இயலாத மகளோடும் அவர் அமர்ந்திருந்தார். பிறகு அமெரிக்கக் கப்பலில் ஷாங்காய்க்கும், அங்கிருந்து ஜப்பானின் உன்சென் மலைக்கும் போய்த் தங்க நேர்ந்தது. வீடு, ஊர், மொழி யாவும் கணத்தில் மாறக்கூடிய வாழ்வு, மாற்றத்தைத் தாங்கமாட்டாத ஒரு குழந்தைக்கு ஏற்றதன்று என்ற எண்ணம் அப்போது உறுதிப்பட்டிருக்க வேண்டும்.

1929இல் அம்மையார் ஒன்பது வயது மகளை அழைத்துக்கொண்டு அமெரிக்கா வந்தார். பல விடுதிகளை நேரில் சென்று பார்த்தார். சிலவற்றில் குழந்தைகள் ஆடுமாடுகளைப் போல நடத்தப்படுவதைக் கண்டு மனம் நொந்தார். முடிவில் நியூஜெர்சியின் தென்பகுதியிலுள்ள வைன்லேண்ட் பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தார். கட்டடத்தையோ பாடத்திட்டத்தையோ பார்த்து அவர் தேரவில்லை. அப்பள்ளியின் கண்காணிப்பாளர் எட்வர்டு ஜான்ஸ்டன் வெளியே நடந்து வரும்போது, குழந்தைகள் "எட் மாமா" என்று கூவிக்கொண்டு ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டனராம். பள்ளியின் கொள்கையும் முதலில் மகிழ்ச்சி, மற்றவை தாமே பின்தொடரும் என்பதாக இருந்தது. மகளை அங்கே விட்டுவிட்டு அம்மையார் சீனம் திரும்பினார்.

விடுதிச் செலவுக்குப் பணம் வேண்டும். பள்ளிக்குக் கட்டவேண்டிய தொகைக்கு முதலில் கடனே வாங்கினார். தம் காலத்துக்குப் பின்னும் மகளுக்குக் குறை நேராதிருக்க வேண்டுமென்ற கவலையே அவரை எழுதத் தூண்டியது. நான்சிங் வீட்டின் மாடி அறையில், ஊதா மலையை நோக்கிய சாளரத்தருகே அமர்ந்து அவர் எழுதிய 'தி குட் எர்த்' நாவல் 1931இல் வெளிவந்தது. 1932இல் புலிட்சர் பரிசும், 1938இல் நோபல் பரிசும் கிட்டின. அந்நாவலின் நாயகன் வாங் லுங் என்னும் உழவனுக்கு அறிவு வளராத ஒரு மகள் உண்டு. செல்வம் சேர்ந்தும் முதுமை வந்தும் அவன் நெஞ்சை அரிப்பது, தனக்குப்பின் இவளை யார் பார்ப்பார் என்னும் ஒரே வினா. படித்து வியந்த உலகம், அவ்வினா எழுதியவருடையதே என்று அறியவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அம்மையார் கரோலைப் பற்றிப் பொதுவில் வாய் திறக்கவில்லை.

பண்ணை வீட்டைச் சுற்றிக்காட்ட வழிகாட்டிகள் இருக்கின்றனர். 'தி குட் எர்த்' எழுதப்பட்ட, வேலைப்பாடமைந்த சீன மேசையை நூலக அறையில் காணலாம். 1930களின் நடுவில் சீனத்தை விட்டு நிரந்தரமாக வந்தபின், இந்த இடத்தை அவர் தேர்ந்ததற்கு ஒரு காரணம், மகளை எளிதில் சென்று காணக்கூடிய தொலைவில் இது அமைந்திருந்ததே. இரண்டாம் கணவர் ரிச்சர்டு வால்ஷுடன் சேர்ந்து குழந்தைகள் பலரைத் தத்தெடுத்து இங்கே வளர்த்தார். கலப்பினத்தவர் என்று எவரும் ஏற்காத குழந்தைகளுக்குப் பெற்றோரைத் தேடித்தர, 1949இல் 'வெல்கம் ஹவுஸ்' என்னும் அமைப்பையும் தொடங்கினார். கரோலும் விடுமுறைக்கு இங்கே வருவதுண்டு.

வீட்டுக்குள் என் பேரனால் நெடுநேரம் இருக்க இயலவில்லை. அவனை வெளியே அழைத்து வந்து, கல்லறை அருகே நின்றோம். அவன் மண்டியிட்டு, சீன எழுத்தின் பள்ளங்களில் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தான். வழிகாட்டியாக வந்த பெண்மணி அவனைத் தடுக்கவில்லை. "வேண்டிய மட்டும் இருக்கட்டும்" என்று கூறி, மற்றவர்களை வேறு பக்கமாக அழைத்துச் சென்றார். அதற்காக அவருக்கு நன்றி சொன்னோம்.

மறு வாரம் வைன்லேண்ட் சென்றோம். பிரிட்ஜ்வாட்டரிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரப் பயணம். மணற்பாங்கான சமவெளி, பைன் மரங்கள், காய்கறித் தோட்டங்கள். 1861இல் சார்லஸ் லாண்டிஸ் என்பவர் திட்டமிட்டு அமைத்த ஊர் இது. கொடிமுந்திரித் தோட்டங்களை எண்ணியே வைன்லேண்ட் என்று பெயரிட்டார். மதுவாகப் புளிக்காத திராட்சைச் சாற்றைப் புட்டியில் அடைக்கும் முறையை 1869இல் மருத்துவர் தாமஸ் வெல்ச் கண்டதும் இவ்வூரில்தான். பயிற்சிப் பள்ளி 1888இல் தோன்றியது. குழந்தைகள் பெருங்கூடங்களில் அடைபடாமல், சிறு சிறு வீடுகளில் குழுவாக வாழ்ந்தது அதன் சிறப்பு. கரோலுக்கும் அவள் தோழியருக்கும் தாயின் செலவில் ஒரு வீடு எழுந்தது. 1950இல் மகளைப் பற்றிய நூலை வெளியிட்டபோது, அதன் வருவாயை அம்மையார் இப்பள்ளிக்கே அளித்தார்.

வைன்லேண்ட் என்னும் பெயரை நம் நாட்டுப் பெற்றோர் பலர் வேறோர் இடத்தில் பார்த்திருப்பர். குழந்தை தானே உண்கிறதா, உடுத்துகிறதா, பிறரோடு பழகுகிறதா என்று பெற்றோரிடம் வினவி, அதன் வளர்ச்சியை அளவிடும் 'வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல்' 1935இல் இப்பள்ளியில்தான் எட்கர் டால் என்பவரால் உருவாக்கப்பட்டது. அதன் இந்திய வடிவம் நம் மருத்துவமனைகளிலும் சிறப்புப் பள்ளிகளிலும் இன்றும் பயன்படுகிறது. இதே பள்ளியில் பணியாற்றிய ஹென்றி காடர்டு என்பவர், அறிவுக் குறை பரம்பரையாக வரும் இழிவு என்று 1912இல் ஒரு நூல் எழுதினார். அதன் முடிவுகள் பின்னர் அடியோடு மறுக்கப்பட்டன. எனினும் அத்தகைய எழுத்துகளால் எத்தனையோ குடும்பங்கள் தலைகுனிந்தன. அம்மையாரின் நீண்ட மௌனத்துக்கு அக்காலச் சூழலும் காரணம் என்று கருத இடமுண்டு.

கரோலுக்கு நேர்ந்தது என்ன? 'பினைல்கீட்டோனூரியா' என்னும் நிலை. பாலிலும் மற்றப் புரத உணவிலும் இருக்கும் பினைலலனின் என்ற ஒரு பொருளைச் செரித்து மாற்றும் ஆற்றல் சில குழந்தைகளின் உடலில் பிறவியிலேயே இருப்பதில்லை. அப்பொருள் இரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுக்கிறது. 1934இல், நார்வே நாட்டில் ஒரு தாய், தம் இரு பிள்ளைகளின் மேல் வீசும் விநோத வாடைக்குக் காரணம் கேட்டு விடாமல் முயன்றதன் பயனாக, அஸ்பியோன் பொல்லிங் என்னும் மருத்துவர் இதைக் கண்டறிந்தார். அப்போது கரோலுக்குப் பதினான்கு வயது. 1950களில் பினைலலனின் குறைந்த உணவு முறை உருவாயிற்று. 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி என்பவர், பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிக்கும் முறையை வகுத்தார். அவரும் அறிவு வளர்ச்சி குன்றிய ஒரு மகனின் தந்தையே. இன்று அச்சோதனையில் தெரிந்து உடனே உணவை மாற்றினால், அக்குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். தாய் செய்த பிழை, முன்னோர் சாபம், பார்வை தோஷம் என்று எதை எதையோ சொல்லி ஒரு தாயை வாட்டும் வழக்கம் எந்த நாட்டிலும் உண்டு. கரோலின் துன்பத்துக்குக் காரணம், பெற்றோர் இருவரிடமும் வெளித்தெரியாமல் இருந்த ஒரு மரபணுக் குறைபாடு. ஆட்டிசத்துக்கு இத்தகைய இரத்தச் சோதனை இல்லை. அதன் காரணங்களும் பல. ஆயினும் தாயின் வளர்ப்பால் அது வருவதில்லை என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை.

கரோலுக்கு இசையில் பேரின்பம். தரமான இசைத்தட்டுகளைத் தானே தேர்ந்து கேட்டு, மணிக்கணக்கில் புன்னகையோடு அமர்ந்திருப்பாளாம். தாய் 1973இல் மறைந்தார். மகள் மேலும் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1992இல் தம் எழுபத்திரண்டாம் வயதில் வைன்லேண்டில் காலமானார். தமக்குப்பின் யார் என்று அஞ்சிய தாய் செய்துவைத்த ஏற்பாடு, இறுதிவரை மகளைக் காத்தது.

இன்று காலம் மாறிவிட்டது. பெரிய விடுதிகளில் குழந்தைகளை ஒப்படைக்கும் முறை அமெரிக்காவில் பெரும்பாலும் கைவிடப்பட்டது. 1975இல் இயற்றப்பட்ட சட்டத்தால், மூன்று வயது முதல் இருபத்தொரு வயது வரை இத்தகைய பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் கட்டணமின்றித் தக்க கல்வி தரப்படுகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கல்வித் திட்டம் எழுதி, பெற்றோருடன் கலந்து முடிவு செய்கின்றனர். என் பேரன் படங்கள் அச்சிட்ட அட்டைகளைக் காட்டித் தன் தேவையைச் சொல்ல அத்தகைய பள்ளியில்தான் கற்றான். நம் நாட்டிலும் 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறை, பல்வகைக் குறைபாடு ஆகியவை உடையோர்க்குப் பதினெட்டு வயதுக்குப்பின் சட்டப்படியான காப்பாளரை நியமித்துக்கொள்ளலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். இவ்விவரத்தை அறியாத குடும்பங்கள் பல உள்ளன. அறிந்தோர் அவர்களுக்கு எடுத்துச் சொல்வது பேருதவி.

வைன்லேண்டிலிருந்து திரும்பும் வழியில், என் நெஞ்சில் நெடுநாளாக இருந்ததை மகளிடம் கேட்டேன். பக் அம்மையார் அயல்நாட்டில் மகளை வளர்க்க முடியாமல் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தார். நீங்களும் சென்னைக்கே வந்துவிட்டால் என்ன என்றேன். அவள் சற்று நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இங்கே இவனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு அம்மா. அங்கே நீங்கள்லாம் இருக்கீங்க. இதிலே எதை விடறது, நீங்களே சொல்லுங்க" என்றாள். மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. பேரன் பின்னிருக்கையில் ஏதோ ஒரு ராகத்தை முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. சீனத்தில் அன்பும் அமெரிக்காவில் மருத்துவமுமாகப் பிரிந்து கிடந்த நிலையில் பக் அம்மையார் பட்ட தவிப்பு, கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளுக்கும் உரியது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்றை இழக்கவேண்டும். அதனால் ஊரிலிருந்துகொண்டு "இங்கேயே வந்துவிடு" என்றோ, "அங்கேயே இரு" என்றோ நாம் தீர்ப்பு வழங்குவதில் பயனில்லை. ஆண்டுதோறும் அனுமதிக்கப்பட்ட ஆறு மாதமும் அங்கே சென்று உடனிருப்பது என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம். பேரன் காட்டும் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கற்று வருகிறோம். தண்ணீர், தயிர்சாதம், ஊஞ்சல், போதும் என்னும் நான்கும் இப்போது எனக்குத் தடையின்றி வருகின்றன. மேளம் ஒலிக்காத அதிகாலை வேளையில் அவனைச் சந்நிதிக்கு அழைத்துச் செல்கிறோம். தீப ஒளியை இமைக்காமல் பார்த்துக் கைகளைச் சிறகடிக்கிறான்.

பசுங்குன்றுப் பண்ணைக்குச் செல்ல விரும்புவோர் முன்கூட்டியே நேரம் கேட்டறிந்து செல்வது நலம். செல்ல இயலாதவர்கள் தத்தம் ஊர்க் கோயிலிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தன் போக்கில் ஓடும், ஓசை எழுப்பும், காதைப் பொத்திக்கொள்ளும் ஒரு குழந்தையைக் காணும்போது அதை உற்றுப் பார்க்கவேண்டாம். பெற்றவளிடம் காரணம் கேட்கவும் வேண்டாம். வரிசையில் சற்று இடம் விட்டு, "குழந்தைக்குப் பெயர் என்ன அம்மா?" என்று மட்டும் கேளுங்கள். நான்சிங் நகரின் எளிய மக்கள் ஓர் அயல்நாட்டுத் தாய்க்குச் செய்தது ஏறத்தாழ அவ்வளவே. அதை அவர் சாகும்வரை மறக்கவில்லை.